காத்து அடைச்சிருக்கு

சோலைமலை எதையோ துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, லயத்து வீடான காம்பராவுக்குள் நுழைந்தபோது, மழையில் நனைந்த குருவிக்குஞ்சு ஒன்றைத்தான் எடுத்து வந்திருக்கிறான் என்று நாகலெட்சுமி நினைத்தாள். அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் அவன். ஆனால் துண்டை விரித்ததும் உள்ளே இருந்தது உள்ளங்கை அகல வட்ட வில்லை ஒன்று. சாம்பல் நிறம். கம்பளியை இறுக்கி அழுத்திச் செய்தது போல இருந்தது. ஓரத்தில் தகர வளையம். நடுவே சுண்டுவிரல் நுழைகிற கிழிசல்.

"என்னங்க இது?"

"மிசினோட மூக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அவளுடைய தம்பி அழகுமுத்துவும் சிரித்தான். "சளி புடிச்சிருக்காக்கும். அக்கா, மெளகுக் கசாயம் வச்சுக் குடு."

"சிரிக்காதீங்க ரெண்டு பேரும்" என்றான் சோலைமலை. "மரம் அறுக்கிற மிசினும் நம்மள மாதிரித்தான் மூச்சு விடுது. மரத்தூளு உள்ள போயிராம இந்த வில்லைதான் வடிகட்டி விடுது. இது கிழிஞ்சா தூளு நெஞ்சுக்குள்ள போயி எல்லாத்தயும் தேச்சிரும். லெட்சுமி, கொஞ்சம் தச்சுக் குடு."

"புதுசு வாங்கித் தரமாட்டாங்களா?"

"கண்டாக்கையா கொழும்புக்கு எழுதியிருக்காராம். கப்பல் வருதாம். போன மழையிலருந்து வந்துக்கிட்டே இருக்கு."

அவள் விளக்கடியில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துத் தைக்கத் தொடங்கினாள். சோலைமலை பக்கத்திலேயே குந்தியிருந்தான். "இழுத்துத் தைக்காத புள்ள, மூச்சு முட்டும். லேசா, லேசா." பச்சைப்பிள்ளையின் காயத்தைத் தைப்பது போல அவள் தைத்தாள். அன்றுதான் அந்த இரும்புப் பூதத்துக்கும் மூச்சு உண்டு என்பது அவள் மனதில் பதிந்தது. அந்த எண்ணமே பின்னால் அவள் வாழ்க்கையைப் பிடித்து உலுக்கப் போகிறது என்று அந்தப் பேதைப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்!

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே, ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது ஊற்றுமலைத் தோட்டம். நாகலெட்சுமி பிறந்ததும் அங்கேதான், அவள் உலகமும் அவ்வளவுதான். தகப்பன் நெஞ்சுச்சளியில் போனான். அடுத்த மழைக்காலத்தில் தாய் காய்ச்சலில் விழுந்தாள். அப்போது நாகலெட்சுமிக்குத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கிற வயசு. அழகுமுத்துவோ கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இன்னும் பால் குடிக்கிற குழந்தை. தாய் தன் மேலிருந்த கம்பளியை உருவி மகள் மடியில் போட்டாள். மழைக்குப் போர்த்துக்கொள்ளத் தோட்டத்தில் கொடுக்கிற கறுப்புக் கம்பளி அது.

"தம்பிய இதுக்குள்ள வச்சுக்க. குளிரு ஏறவிட்றாத. அவன விட்றாத."

அதுதான் அந்தத் தாயின் கடைசிப் பேச்சு.

நாகலெட்சுமி விடவில்லை. மலையில் கொழுந்தெடுக்கும்போது அதே கம்பளியில் மழையைத் தாங்குவாள். பொழுது சாய்ந்தால் அதற்குள்ளேயே தம்பியைச் சுற்றிப் படுக்கவைப்பாள். ஆற்றில் அடித்து அடித்துத் துவைத்ததில், நாளடைவில் கம்பளியின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது நூல் எது இடைவெளி என்று தெரியாத ஒரே தடிப்பாகிவிட்டது. புதுக் கம்பளிகள் கிடைத்தபோதும் அவள் இதை விடவில்லை. மற்றப் பெண்கள், "ஏன்டி, ஒங்க ஆத்தா வெள்ளக்காரன் காலத்துல வாங்குனத இன்னும் போத்திக்கிட்டுத் திரியுற?" என்று கேலி செய்தால், "இதுல தண்ணி எறங்காது, ஒங்க புதுசுல எறங்கும்" என்பாள். அது உண்மைதான். மழைத்துளி அதன் மேல் உருண்டு ஓடிவிடும்.

கலியாணம் பேச வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பி எங்களோடுதான் இருப்பான்.

"நகை நட்டுக்குப் பதிலா மச்சான் வர்றானா? வரட்டும். வாள் இழுக்க மறுபக்கத்துக்கு ஆள் வேணும்னு நானே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான் சோலைமலை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் காலில் விழலாம் போலிருந்தது அவளுக்கு.

மச்சான்மார் இருவரும் நீண்ட இழுப்பு வாளின் இரு முனைகளையும் பிடித்து மரம் அறுத்தார்கள். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை உண்டாகியும் கலைந்துவிட்டது. தம்பிதான் அவளுக்குத் தம்பியும் பிள்ளையும். பிறகு சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தொர விட்டுப்போன பழைய மிசின் வாள் தோட்டத்துக்கு வந்தது. இழுப்பு வாள் பெரிய பங்களாவின் பின்கட்டில் துருப்பிடிக்கப் போயிற்று. சோலைமலை மிசினைப் பிடிப்பான், அழகுமுத்து கத்தியோடு கிளை கழிப்பான், ஆப்பு அடிப்பான்.

வில்லை தைத்த அந்த ஆண்டு, தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு போதவில்லை என்று, ஆற்றோரம் நின்ற பெரிய தைலமரத்தையும் வெட்டச் சொன்னார், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா. அதன் அடியில்தான் முனியாண்டியின் கல் இருந்தது. பூசாரி மாயாண்டி முறைப்படி பொங்கல் வைத்து, கல்லை வேறு மரத்தடிக்கு மாற்றினார். ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் மனசு சரியில்லை.

அழகுமுத்துவுக்கு மட்டும் எல்லாம் விளையாட்டு. "முனியாண்டிக்கு வேற லயத்துல காம்பரா குடுத்தாச்சு மச்சான். பழசுல ஒழுகுதுன்னு அவரே பெட்டிசன் போட்டாராம்."

"டேய், வாய மூடு!" என்று நாகலெட்சுமி அவன் முதுகில் அறைந்தாள்.

மரம் சாய்ந்து சில நாட்களில் மிசின் மக்கர் பண்ணத் தொடங்கியது. கறுப்புப் புகை விட்டது. மரத்துக்குள் இறங்கியதும் முனகிக்கொண்டு நின்றுபோனது. சோலைமலை அதைக் காம்பராவுக்கே தூக்கிக்கொண்டு வந்து, அந்த வில்லையைக் கழற்றிப் பெற்றோலில் அலசினான். அந்திவேளை, மழை தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மைத்துனனைப் பார்த்து அவன் கத்திச் சொன்னான்:

"காத்து அடைச்சிருக்கு மாப்ள! அதான் மிசினு திணறுது!"

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் கை அப்படியே நின்றது. மழை இரைச்சலில் அவள் காதில் விழுந்தது வேறு.

காத்து அடிச்சிருக்கு.

மலையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். மரத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட முனி, மிசினில் ஏறிக்கொண்டது! மூச்சு விடுகிற எதன் மேலும் காத்து ஏறலாமே. மூக்கு இருக்கிறது, தன் கையாலேயே அந்த மூக்கைத் தைத்திருக்கிறாள். இன்றைக்கு மிசினைப் பிடித்தது, நாளைக்கு மிசினைப் பிடித்திருக்கிற கையைப் பிடிக்காதா? புருசனைப் பிடிக்காதா? பக்கத்தில் நின்று முனியைக் கேலி பேசுகிற தம்பியைப் பிடிக்காதா?

அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. காத்து அடித்த இடத்தில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது தாய் சொன்ன பாடம். முக்காட்டை இழுத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்கு ஓடினாள்.

"யாருக்கும்மா?" என்றார் மாயாண்டி.

"வீட்டுல... எங்க வீட்டுல ஒண்ணுக்கு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அவள் விழித்தாள். "ரெண்டும் இல்லைங்க சாமி."

பூசாரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மாடாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். விபூதியை மந்திரித்து மடித்துக் கொடுத்தார். ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தார். "மூக்குலயும் வாயிலயும் படுற மாதிரிப் போடு. பழத்த மேல புழிஞ்சு விடு. அது உள்ள இழுக்கணும். இழுத்தாத்தான் எறங்கும்."

விடியலில் சோலைமலை முகம் கழுவப் பீலிக் குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் மிசின் முன் மண்டியிட்டாள். மூடியில் ஒரு திருகுதான், கையாலேயே கழன்றது. அவள் தைத்த தையல் அவளைப் பார்த்தது. விபூதி முழுவதையும் அந்த வில்லையின் மேல் அப்பினாள். பழத்தைப் பிழிந்துவிட்டாள். "தாயே மாரியாத்தா, முனியப்பா, என் புருசனையும் என் தம்பியையும் விட்ருங்க. என்ன வேணா எடுத்துக்கங்க" என்று கண்ணீர் வழிய வேண்டிக்கொண்டு மூடியைத் திருகினாள்.

அன்பினால் செய்தாள். அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது!

அன்று காற்று அடங்கவில்லை. முந்திய நாள் வீசிய சூறையில் ஆற்றுக்குக் குறுக்கே இன்னொரு தைலமரம் வேரோடு சரிந்து, வெள்ளம் அதில் முட்டி மேலேறிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் தண்ணீர் கீழ் லயத்துக்குள் புகுந்துவிடும். அதை அறுத்துத் தள்ளச் சொல்லி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே கண்டாக்கையா கட்டளை போட்டார். நாகலெட்சுமிக்கு அன்று ஆற்றுக்கு நேர் மேலே இருந்த மலையில் கொழுந்து. கூடையும் கம்பளியுமாக நின்றவளுக்கு மிசினின் சத்தம் கேட்டது. இருமிக்கொண்டே கிளம்பி, மெல்ல மெல்ல ஒரு மாதிரி ஓடியது. 'எறங்குது, காத்து எறங்குது' என்று அவள் கைகூப்பினாள்.

அப்போதுதான் மரம் முறிகிற சத்தம். அதற்குப் பின்னால் மனிதக் குரல்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். குழந்தையில் காய்ச்சல் வந்தபோது இப்படித்தான் கத்துவான்.

கூடை எங்கே போயிற்று, செருப்பில்லாத காலில் எத்தனை கிழிந்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆற்றங்கரைக்கு வந்தபோது சோலைமலை இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தான். கிளை கழிக்கப் பள்ளத்தில் இறங்கிய அழகுமுத்துவின் மேல், தாங்கி நின்ற கொப்பு முறிந்து அடிமரம் உட்கார்ந்துவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. ஆள் உட்கார்ந்த மாதிரி சிக்கியிருந்தான். தண்ணீர் அவன் நெஞ்சில். மரம் தடுத்து நிறுத்திய வெள்ளம் ஏறிக்கொண்டேயிருந்தது.

ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள். மலையையே நெம்புவது போலிருந்தது. நெம்பும்போதெல்லாம் அவன் அலறினான்.

"நெம்பாதீங்க!" என்றான் சோலைமலை. "அறுத்துத் துண்டாக்கினாத்தான் தூக்க முடியும். பழைய இழுப்பு வாள எடுத்தாரப் பங்களாவுக்கு ஓடுங்க யாராவது. அது வர்றதுக்குள்ள நான் இதுல பாக்குறேன்."

ஓடினார்கள். ஆனால் பங்களா மேட்டுக்கு ஏறி இறங்குவதற்குள் தண்ணீர் காத்திருக்குமா?

நாகலெட்சுமி தண்ணீரில் குதித்துத் தம்பியின் பின்னால் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். "வந்துட்டேன்டா. அக்கா வந்துட்டேன்டா."

"கம்பளி நனையுது பாருக்கா" என்றான் அவன், பல் கிட்டித்துக்கொண்டு.

மிசின் கிளம்பியது. பல் மரத்தில் இறங்கி, ஈர மரத்தூள் மழையோடு சேர்ந்து அவர்கள் முகத்தில் அறைந்தது. மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். மிசின் முனகியது. கறுப்புப் புகையைக் கக்கியது. நின்றது.

சோலைமலை கயிற்றை இழுத்தான். இழுத்தான். ஒரு இருமல், ஒரு புகை, பழையபடி சவம். பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினான். இழுத்தான். திரும்பக் கழற்றினான். கரியும் பெற்றோலுமாக நனைந்திருந்தது. வழுக்கிய பிளக் தண்ணீரில் விழப் பார்த்தது.

"நேத்துத்தான சுத்தம் பண்ணுனேன்! என்ன கேடு வந்துச்சு இதுக்கு!" அவன் மிசினைப் பிடித்து உலுக்கினான். "மூச்சு விடு! மூச்சு விடேன்!"

தண்ணீர் அழகுமுத்துவின் தோளில்.

மூச்சு. அந்தச் சொல் நாகலெட்சுமியின் நெஞ்சில் கத்தியாக இறங்கியது. இழுத்துத் தைக்காத புள்ள, மூச்சு முட்டும். ஒரு மனிதனின் மூக்கில் கைப்பிடிச் சாம்பலை அப்பி, அதன் மேல் சாறு பிழிந்தால் அவன் எப்படி மூச்சு விடுவான்?

கரையில் பார்த்தாள். கொழுந்துக்காரப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். பூசாரி நின்றார். கண்டாக்கையா குடையோடு நின்றார். சொன்னால் நாளைக்குத் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு: கூடப்பிறந்தவனைக் கொன்றவள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். தம்பியையும் சேர்த்து.

"ஏங்க!" அவள் அலறியது மழையையும் மீறிக் கேட்டது. "மூக்கத் தொறந்து பாருங்க! மூக்குல விபூதி போட்டேன்! நான்தாங்க போட்டேன்! காத்து அடிச்சிருக்குன்னீங்களே!"

சோலைமலை அவளையே பார்த்தான்.

"அடைச்சிருக்குன்னேன்டி" என்றான். "அடைச்சிருக்குன்னேன்."

அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. திருகைக் கழற்றினான். உள்ளே விபூதியும் சாறும் தூளும் சேர்ந்து சுண்ணாம்புச் சாந்தாக இறுகியிருந்தது. எலுமிச்சை வாசம் அடித்தது. வில்லையை நகத்தால் நோண்டினான். அவள் தைத்த இடத்திலேயே அது இரண்டாகப் பிய்ந்து, தகர வளையம் மட்டும் அவன் கையில் நிற்க, தண்ணீரோடு போயிற்று.

அக்காளின் மார்பில் சாய்ந்திருந்த அழகுமுத்து, வலியில் முகம் கோணியிருந்தும் வாயைத் திறந்தான். "மிசினுக்கே விபூதி போட்டியாக்கா... எனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கியா?"

"பேசாதடா! என் ராசா, பேசாத!"

மூக்கு இல்லாமலே கிளப்பிப் பார்த்தான் சோலைமலை. ஒரு உறுமல் உறுமி ஓடியது. எல்லோரும் கத்தினார்கள். ஆனால் திறந்த துவாரத்துக்குள் மழை நேராக இறங்கியது. மிசின் தண்ணீரைக் குடித்துவிட்டு விக்கி நின்றது. கண்டாக்கையாவின் குடையை வாங்கி ஒருவன் பிடித்தான். காற்று குடையைப் பிடுங்கி ஆற்றில் வீசியது. சாக்கைப் போர்த்தினார்கள். சாக்கு நனைந்து துவாரத்தில் ஒட்டிக்கொள்ள, மிசின் செத்தது.

"மேல மூடணும், ஆனா அது மூச்சு விடணும்" என்று சோலைமலை பைத்தியம் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். "தண்ணி எறங்கப்படாது, காத்து எறங்கணும். அதுக்கு நான் எங்க போவேன்? எங்க போவேன்?"

தண்ணி எறங்காது. கேலி செய்த பெண்களிடம் ஒவ்வொரு மழைக்கும் அவள் சொன்ன சொல். நாகலெட்சுமி ஒரு கையால் தம்பியைப் பிடித்தபடி, மறு கையால் தலையிலிருந்த கம்பளியை உருவினாள்.

"இந்தாங்க. இது அந்த வில்லை மாதிரியேதாங்க இருக்கு. தச்சப்பவே பாத்தேன்."

அவன் அதை விரல்களுக்கு நடுவில் தேய்த்தான். வாயில் வைத்து ஊதினான். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் அவன் மூச்சு பட்டது. தண்ணீரில் தோயாத மேல்பகுதியை உதறி, பாறையில் விரித்து, அங்கே கிடந்த அழகுமுத்துவின் கத்தியை எடுத்து வட்டமாக அறுத்தான். தாயின் கம்பளியில் கத்தி ஓடுவதைப் பார்க்க முடியாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சோலைமலை! கந்தலத் திணிச்சா மிசினே போயிரும்! தொரைக்கு நான் பதில் சொல்லணும்!" என்று கத்தினார் கண்டாக்கையா.

"போகட்டும் ஐயா!" அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிசின் வாளின் சங்கிலிக்கு விடுகிற எண்ணெயில் வட்டத்தைத் தோய்த்து, முறுக்கிப் பிழிந்தான். எண்ணெய் நூலோடு நூலாக நின்றது. வளையத்துக்குள் வைத்து விரலால் அழுத்தினான். இரண்டு மடிப்பாக வைக்கப் போனவன் நிறுத்தி, ஒற்றையாக வைத்தான். மூடினான். மிசினுக்குள் போயிருந்த தண்ணீர் வடியக் குப்புறக் கவிழ்த்தான். பிளக்கைத் துடைத்தான்.

இழுத்தான். ஒன்றுமில்லை.

தண்ணீர் அழகுமுத்துவின் கழுத்தில். நாகலெட்சுமி அவன் தாடையை இரு கையாலும் தாங்கி வானத்தைப் பார்க்கத் தூக்கினாள்.

இழுத்தான். இருமியது.

"அக்கா, குளிருதுக்கா." இப்போது கேலி இல்லை. சின்னப் பிள்ளையின் குரல்.

"இருக்கேன்டா. விடமாட்டேன்டா. அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்டா, விடமாட்டேன்!"

இழுத்தான். மிசின் ஒரு தரம் கனைத்தது. இன்னொரு தரம். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டது. அது நிற்கவில்லை.

அறுத்தான். மழை மூடியில் பட்டுத் தெறித்தது, உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் அழகுமுத்துவின் வாயை மூடியது. அவள் அவன் நெற்றியைப் பின்னால் சாய்த்து மூக்கை மட்டும் மேலே வைத்திருந்தாள். அலை வரும் பக்கம் தன் முதுகைக் கொடுத்தாள். ஆறு அவள் முதுகில் அறைந்தது. அவன் மூக்கு விரிந்து சுருங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடு, இழு. விடு, இழு. பக்கத்தில் மிசினும் அப்படியே செய்துகொண்டிருந்தது.

மரம் வெடித்தது. துண்டு விழுந்த பக்கத்தில் வெள்ளம் பாய்ந்து வழி பிறந்தது. கடப்பாரைகள் இறங்கின. யாரோ நாகலெட்சுமியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் தம்பியை விடாததால் இருவரும் சேர்ந்தே கரைக்கு வந்தார்கள். பங்களாவுக்கு ஓடியவர்கள் அப்போதுதான் இழுப்பு வாளோடு மேட்டிலிருந்து இறங்கினார்கள்.

அவனைக் கிடத்தித் தூக்க அந்தக் கம்பளியைத்தான் விரித்தார்கள். நடுவிலே வட்டமான ஓட்டை. தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். லொறி ஓட்டுகிற சிறிசேன, பின்னால் குனிந்து உட்கார்ந்து நடுங்குகிறவளைப் பார்த்து, "பய வென்ன எப்பா, நங்கி" என்றான். பயப்படாதே தங்கச்சி. டிக்கோயா ஆஸ்பத்திரி வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

உயிர் கிடைத்தது. கால் கிடைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாகலெட்சுமி கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கண் விழித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னய ஏசுடா. நான்தான்டா பாவி. கால எடுத்துக்கிட்டது நான்தான்டா."

இல்லாத காலைத் தடவப் போன அவன் கை பாதியில் நின்றது. அவன் அழுதான். அவளும் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடைச்சது மிசினுக்கு இல்லக்கா, ஒன் காதுக்குத்தான்" என்றான்.

பெரட்டில் இனி அவன் பேரைக் கூப்பிட மாட்டார்கள். ஒற்றைக் காலனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? பேர் இல்லாதவனுக்குக் காம்பராவில் எத்தனை காலம் இடம்? பூசாரி மாயாண்டி, "மாடுன்னுல்ல நெனச்சேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். குழந்தைகள் அவளைப் பார்த்தால், "மிசினுக்கு விபூதி போட்ட அக்கா" என்றன. அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

மழை தகரத்தில் கொட்டுகிற பொழுதுகளில் சோலைமலை இஸ்தோப்பிலிருந்து ஏதாவது சொன்னால், அவள் அடுப்பை விட்டு எழுந்து ஓடிவந்து அவன் முன்னால் நிற்பாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க." ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அழகுமுத்துதான் பதில் சொல்வான். "தேத்தண்ணி கேட்டாருக்கா. தே-த்-தண்-ணி. போதுமா?"

கொழும்பிலிருந்து புது வில்லை வரவேயில்லை. கப்பல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எண்ணெயும் தூளும் ஏறிக் கம்பளி வட்டம் மக்கிப்போகும்போதெல்லாம், சோலைமலை வளையத்தைக் கழற்றி அவளிடம் நீட்டுவான். அவள் கம்பளியை எடுத்துக் கொடுப்பாள். முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று விழும்.

ஓட்டைகளோடேயே அதைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போகிறாள். தோள்பட்டையில் அந்த இடங்களில் மட்டும் மழை இறங்குகிறது. அவள் ஒட்டுப் போடுவதில்லை. பள்ளத்திலிருந்து மிசினின் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை அவள் விரல்கள் கொழுந்தின் மேல் ஓடும். சத்தம் நின்றால் விரல்களும் நிற்கும். மரம் விழுந்து நிற்கிறதா, மூச்சு முட்டி நிற்கிறதா, இங்கிருந்து தெரியாது.

"ஏ லெட்சுமி! என்ன செலையா நிக்கிற? கையப் போடு!" என்று கங்காணி கீழ் நிரையிலிருந்து கத்துவார்.

அவள் காதில் அது ஏறாது. பள்ளத்தில் மிசின் மறுபடி மூச்சை இழுத்து ஊளையிடும்வரை, மழையில் அப்படியே நிற்பாள்.